பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எஸ்எஸ்டிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களிடம் இப்போது அதிகம் வருவது இந்த வேலைதான்: "சிஸ்டம் ஆமையா இருக்கு, எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்க." எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் டிஸ்க். டவுன் ஹால் ரோட்டில் எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு அங்கிருந்தே போன் போடுகிறவர்கள், உசிலம்பட்டியில் இருந்து சிபியூவைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. லினக்ஸ் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

எஸ்எஸ்டி போட்டா நிஜமாவே வேகம் தெரியுமா, இல்ல விக்கிறதுக்காகச் சொல்றாங்களா?

தெரியும். சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 5.5 மில்லி செகண்ட் ஆகும். முனை நகரும் நேரம் தனி. விண்டோஸ் ஆன் ஆகும்போது சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் படிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது.

ஆனால் எல்லா மெதுவுக்கும் இது மருந்து இல்லை. கல்யாண வீடியோ ரெண்டர் ஆகும் நேரம் பிராசசரைப் பொறுத்தது, அது அப்படியேதான் இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் நின்றுகொண்டே இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேமையும் சேர்த்துப் போடுங்கள். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓட்டுவது எஸ்எஸ்டி இருந்தாலும் சிரமம்தான்.

என் லேப்டாப்புக்கு எது சேரும்னு தெரியல. கடையில மூணு மாதிரி எடுத்துக் காட்டுறாங்க.

ஒன்று, ஹார்ட் டிஸ்க் வடிவிலேயே வரும் 2.5 இஞ்ச் சாட்டா. இரண்டு, மெல்லிய பட்டையாக வரும் எம்.2 சாட்டா. மூன்று, பார்க்க அதே மாதிரி இருக்கும் எம்.2 என்விஎம்இ. சாட்டா பழைய இணைப்பு முறை, என்விஎம்இ புதியது. சாட்டா எந்த வடிவில் வந்தாலும் நொடிக்கு 550 எம்பி பக்கத்தில் நின்றுவிடும். என்விஎம்இ மூன்றாம் தலைமுறையில் 3500 வரையும், நான்காம் தலைமுறையில் 7000 வரையும் போகும்.

வாங்குவதற்கு முன்னால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், அல்லது மாடல் எண்ணை வைத்து சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்கள். எம்.2 பட்டையின் தங்க முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. சில ஸ்லாட்டுகள் இரண்டில் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சில லேப்டாப்களில் 2242-க்குத்தான் இடம் இருக்கும்.

பத்து வருஷத்துக்கு மேலான டெஸ்க்டாப் என்றால் யோசிக்காமல் 2.5 இஞ்ச் சாட்டா எடுங்கள். அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இயை மாட்டிவிடலாம், ஆனால் அந்தக் காலத்து பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடி விண்டோஸைத் தொடங்கி வைப்பது) அதில் இருந்து பூட் ஆகத் தெரியாமல் முழிக்கும். பில் போடுவது, பிரவுசிங், ஆபீஸ் வேலை இவற்றுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வரும்போது தெரிகிற வித்தியாசம், சாட்டாவில் இருந்து என்விஎம்இக்குப் போகும்போது தெரியாது. கூடுதல் பணத்தை ரேமில் போடலாம் என்பது என் கட்சி.

500 ஜிபி டிஸ்க்ல இருக்கிறதை 256 ஜிபி எஸ்எஸ்டில அடைக்க முடியுமா?

பழைய டிஸ்க்கின் மொத்த அளவு முக்கியமில்லை, நிரம்பியிருக்கும் அளவுதான் கணக்கு. சி டிரைவில் 110 ஜிபி இருந்தால் தாராளமாக அடங்கும். பாட்டு, படம், கல்யாண ஆல்பம் எல்லாம் டி, இ டிரைவில்தானே கிடக்கின்றன; அவற்றைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிட்டு விண்டோஸ் இருக்கும் பகுதியை மட்டும் நகர்த்தலாம். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும், நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும்.

'குளோன்' பண்ணவா, 'ஃப்ரெஷ்'ஷா போடவான்னு கேக்குறாங்க. எதைச் சொல்ல?

குளோன் என்றால் பழைய டிஸ்க்கில் இருப்பதை விண்டோஸ், சாஃப்ட்வேர், பாஸ்வேர்டு, டெஸ்க்டாப் ஐகான் உட்பட அப்படியே புதியதில் பதிவது. ஃப்ரெஷ் என்றால் எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போட்டு, வேண்டிய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றி, டேட்டாவை மட்டும் காப்பி செய்வது.

கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப் என்றால் ஃப்ரெஷ்தான் சரி. அதில் இருப்பது ஒரு பிரவுசர், ஆபீஸ், இரண்டு மூன்று புரோகிராமிங் சாஃப்ட்வேர். ஒரு மத்தியானத்தில் திரும்பப் போட்டுவிடலாம். வைரஸ், கிராக் சாஃப்ட்வேர், ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் என்று குப்பை சேர்ந்த சிஸ்டத்தைக் குளோன் செய்தால் குப்பையும் சேர்ந்தே வரும், கூடுதல் வேகத்தில் ஓடும்.

கடை, அலுவலகம், ஸ்டுடியோ, அச்சகம் என்றால் குளோன்தான். அங்கே நஷ்டம் விண்டோஸில் இல்லை. பில் பிரின்டரின் செட்டிங், பார்கோடு சாஃப்ட்வேர், எப்போதோ ஒருவர் வந்து அமைத்துவிட்டுப் போன நெட்வொர்க் ஷேர் இவற்றைத் திரும்பக் கட்டுவதுதான் தலைவலி. எது எங்கே இருக்கிறது என்று உங்களால் பட்டியல் போட முடிந்தால் ஃப்ரெஷ், முடியாவிட்டால் குளோன்.

நாங்க டிடிபி சென்டர். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்டும் இருக்கு. போயிடுமா?

குளோன் செய்தால் எதுவும் போகாது. ஃப்ரெஷ் போடுவதாக இருந்தால்தான் கவனம் வேண்டும். பேஜ்மேக்கரின் இன்ஸ்டால் சிடி எங்கே என்று கேட்டால் பெரும்பாலான சென்டர்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் அடித்த அழைப்பிதழ், நோட்டீஸ், கோயில் மலர் எல்லாம் அதே ஃபான்ட் இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கூழாகத்தான் தெரியும். எந்த வழியில் போனாலும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். விசைப்பலகை சாஃப்ட்வேர் எது என்பதையும் எழுதி வையுங்கள். ஒரே ஃபான்ட்டுக்கு இரண்டு மூன்று விசைப்பலகை அமைப்பு இருக்கும். ஆபரேட்டரின் விரலுக்குப் பழகிய அமைப்பு வராவிட்டால் வேலை நின்றுவிடும்.

டேலி லைசென்ஸ் மாட்டிக்குமா?

மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது. வன்பொருள் மாறிவிட்டதாக டேலிக்குத் தோன்றினால் எஜுகேஷனல் மோடுக்கு (முழு வேலை செய்யாத பயிற்சி நிலை) போய்விடும். அதனால் டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே, இன்டர்நெட் இருக்கும்போது, டேலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். எஸ்எஸ்டி மாட்டிய பிறகு திரும்ப ஆக்டிவேட் செய்யலாம். அதற்கு வேண்டிய லைசென்ஸ் எண்ணும் மெயில் ஐடியும் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கடைகளில் அது எப்போதோ வேலையை விட்டுப் போன அக்கவுன்டன்டின் மெயிலாக இருக்கும். டேட்டா ஃபோல்டரைத் தனியாகக் காப்பி எடுப்பது கட்டாயம்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பற்றியும் ஆடிட்டர் அலுவலகங்களில் கேட்கிறார்கள். கையெழுத்து அந்த யூஎஸ்பிக்குள்ளேயே இருக்கிறது. ஃப்ரெஷ் போட்டால் டிரைவரை மட்டும் திரும்பப் போட வேண்டும்.

விண்டோஸைத் திரும்ப வாங்கணுமா?

வேண்டாம். விண்டோஸ் 10, 11 லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டை வைத்துத்தான் அடையாளம் காணப்படுகிறது. டிஸ்க் மாறுவதால் போகாது. பிராண்டட் லேப்டாப்களில் கீ பயாஸிலேயே பதிந்திருக்கும், ஃப்ரெஷ் போட்டு நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் ஹோமே போடுங்கள். புரோ போட்டால் அந்த கீ பொருந்தாது.

அப்படியே விண்டோஸ் 10-ல இருந்து 11-க்கும் மாத்திடலாமா? ஒரே வேலையா முடியுமே.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதனால் கேள்வி நியாயம்தான். ஃப்ரெஷ் போடுகிறவர்கள் நேராக 11 போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும்.

குளோன் செய்கிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் விண்டோஸ் 10-ஐ எஸ்எஸ்டிக்குக் கொண்டு வந்து ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு 11-க்குப் போங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்து ஏதாவது நின்றுபோனால் எது காரணம் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

குளோன் 37 சதவீதத்துல நின்னுடுச்சு. டிஸ்க்ல 'டிக் டிக்'னு சத்தம் வேற வருது.

உடனே நிறுத்துங்கள். இந்த வேலையில் ஆபத்து புது எஸ்எஸ்டியில் இல்லை, பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. எல்லாரும் எஸ்எஸ்டியின் பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிப்பார்கள். சாகக் கிடக்கும் பழைய டிஸ்க்கை ஒரு நிமிஷம் சோதிக்க மாட்டார்கள். சிஸ்டம் மெதுவானதற்கே அந்த டிஸ்க் கெட்டுக்கொண்டிருப்பதுதான் காரணமாக இருந்திருக்கலாம்.

குளோன் தொடங்கும் முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் தொடரலாம். மஞ்சளில் 'காஷன்' என்றால், 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கி மாற்றிய கெட்ட செக்டார்கள் (டேட்டா எழுதும் சின்னத் துண்டுகள்). சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. சி6 என்பது திருத்த முடியாதவை. சி5-ல் எண் இருந்தால் சாதாரணக் குளோன் அந்த இடத்தில் முட்டி நிற்கும். திரும்பத் திரும்ப ஓட்டினால் டிஸ்க் மேலும் சிதையும்.

அப்படிப்பட்ட டிஸ்க்கில் முதல் வேலை குளோன் இல்லை. குழந்தைகளின் போட்டோ, கணக்கு, சான்றிதழ் ஸ்கேன் என்று எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் காப்பி எடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டும் என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் முயன்று பார்க்கும். சத்தம் வரும் டிஸ்க்கில் அதையும் நீங்களே செய்ய வேண்டாம், டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். விண்டோஸைப் பொறுத்தவரை இந்த நிலைமையில் ஃப்ரெஷ்தான்.

குளோன் பண்றதே காப்பிதானே, அதுக்கு முன்னாடி தனியா பேக்கப் எதுக்கு?

எந்த டிஸ்க்கில் இருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி எஸ்எஸ்டி உங்கள் டேட்டாவின் மேல் குளோன் ஆகும். சாஃப்ட்வேர் ஒரு முறை எச்சரிக்கும், நாம் பழக்க தோஷத்தில் 'ஓகே' அழுத்துவோம். அதற்காகத்தான் பேக்கப்.

டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை நம்பாதீர்கள், அது கேபிள் மாறினால் மாறும். மாடல் பெயரையும் அளவையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பழையதும் புதியதும் ஒரே அளவு என்றால் இன்னும் நிதானம் வேண்டும்.

பாதியில கரண்ட் போயிட்டா?

குளோன் நடக்கும்போது பழைய டிஸ்க்கில் இருந்து படிக்க மட்டும்தான் செய்கிறது. கரண்ட் போனால் எஸ்எஸ்டியில் அரைகுறையாக எழுதியது வீண், முதலில் இருந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு இடத்தில்: சின்ன எஸ்எஸ்டியில் அடைப்பதற்காகப் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை (சி, டி என்று கூறு போட்ட பகுதி) சுருக்குவது, டி, இ டிரைவ்களை நகர்த்திச் சேர்ப்பது. அது பழைய டிஸ்க்கிலேயே எழுதுகிற வேலை. அந்த நேரத்தில் கரண்ட் போனால் டேட்டா போகும்.

டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், ஸ்லீப் ஆவதை நிறுத்தி வையுங்கள்.

லேப்டாப்ல ஒரே ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம். ரெண்டையும் எப்படி ஒண்ணா மாட்டுறது?

2.5 இஞ்சுக்கு யூஎஸ்பி-சாட்டா கேபிள், எம்.2-வுக்கு அதற்கான என்க்ளோஷர் (யூஎஸ்பியில் மாட்டும் கூடு). எம்.2 என்க்ளோஷரிலும் சாட்டா, என்விஎம்இ என்று தனித்தனியாக உண்டு. எஸ்எஸ்டியை வெளியே மாட்டிக் குளோன் செய்து, பிறகு உள்ளே மாற்றுங்கள். நீல நிற யூஎஸ்பி போர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். 200 ஜிபியை யூஎஸ்பி 2.0-ல் ஏற்ற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 3.0-ல் பழைய டிஸ்க் ஒழுங்காக இருந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். யூஎஸ்பி-சாட்டா கேபிள் வீணாகாது, பின்னால் பழைய டிஸ்க்கை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

எந்த சாஃப்ட்வேர்? யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

முதலில் எஸ்எஸ்டி கம்பெனி தருவதைப் பாருங்கள். சாம்சங் தன் எஸ்எஸ்டிகளுக்குத் தானே ஒன்று தருகிறது. குரூஷியல், டபிள்யூடி போன்றவை அக்ரோனிஸின் ஒரு பதிப்பைத் தந்திருக்கின்றன. இவை சுலபம், சின்ன டிஸ்க்குக்குத் தானே சுருக்கிக்கொள்ளும். மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பைப் பழைய வீடியோக்கள் பரிந்துரைக்கும். அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது கிடைப்பது சில நாள் சோதனைப் பதிப்பு. ஒரு தடவை வேலைக்கு அதுவே போதும். குளோன்ஜில்லா இலவசம், நம்பகமானது, ஆனால் முகம் கொடுத்துப் பேசாது, வழக்கமான முறையில் பழைய டிஸ்க்கைவிடச் சின்ன எஸ்எஸ்டியையும் ஏற்காது. அதே வேலையை மவுஸ் வைத்துச் செய்ய ரெஸ்க்யூஜில்லா உண்டு.

கிராக் செய்த குளோனிங் சாஃப்ட்வேர் வேண்டாம். உங்கள் மொத்த டிஸ்க்கையும் யாரோ ஒருவர் கையில் திறந்து கொடுக்கிறீர்கள்.

ஆன் பண்ணதும் நீல ஸ்க்ரீன்ல 48 நம்பர் கேக்குது. நான் எந்த லாக்கும் போடலையே?

அது பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதை எண் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் (என்கிரிப்ஷன்) விண்டோஸ் வசதி. நீங்கள் போடாவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் புது லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகியிருக்கும். பூட் அமைப்பு மாறியதும் சந்தேகப்பட்டு மீட்பு எண்ணைக் கேட்கிறது. எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ, அந்தக் கணக்குக்குள் போனில் லாகின் செய்து பார்த்தால் 48 இலக்க எண் இருக்கும். அந்தக் கணக்கே நினைவில்லை, எண்ணை வேறு எங்கும் எழுதியும் வைக்கவில்லை என்றால் திறக்க வழி கிடையாது. எந்தக் கடையாலும் முடியாது.

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே செட்டிங்ஸில் என்கிரிப்ஷன் ஆனாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அணைத்து, பூட்டு முழுதாக நீங்கி முடியும்வரை காத்திருந்து, அப்புறம் குளோன் செய்யுங்கள். எஸ்எஸ்டியில் எல்லாம் சரியானதும் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

குளோன் 100 சதவீதம் முடிஞ்சது, ஆனா எஸ்எஸ்டில இருந்து பூட் ஆகலை.

முதலில் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். பிறகு பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு முடிந்துவிடும்.

அடுத்து, சி டிரைவை மட்டும் இழுத்துப் போட்டீர்களா? பூட் ஃபைல்கள் சி டிரைவில் இல்லை. 100 எம்பி அளவில் சி, டி மாதிரி எழுத்து இல்லாமல் ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கின்றன. குளோன் செய்யும்போது அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் மறுபடி குளோன் செய்வதே சுருக்கமான வழி. பார்ட்டிஷன் இருந்தும் பூட் ஆகவில்லை என்றால், விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டுங்கள். அதுவும் தோற்றால் பிசிடிபூட் கட்டளை பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதித் தரும்.

மூன்றாவது, பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்து, புதியது என்விஎம்இயாக இருந்தால். என்விஎம்இயில் பூட் ஆக யூஇஎஃப்ஐயும் (பயாஸின் புது வடிவம்) ஜிபிடியும் (புது பார்ட்டிஷன் முறை) வேண்டும். விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பில் இருந்தே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளே வருகிறது. ஆனால் எக்ஸ்டென்டெட் பார்ட்டிஷன் (பல டிரைவ்களை உள்ளே அடக்கியது) இருந்தால் அது மறுத்துவிடும். நம் ஊரில் சிஸ்டம் அசெம்பிள் செய்யும்போதே சி, டி, இ, எஃப் என்று கூறு போட்டுக் கொடுப்பது வழக்கம், அவற்றில் பலவும் எக்ஸ்டென்டெட்தான். அதனால் விண்டோஸ் பகுதிகளை மட்டும் எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்துவிட்டு, எஸ்எஸ்டியின் மேல் அந்தக் கருவியை ஓட்டுங்கள். பழைய டிஸ்க்கின் மேல் ஓட்டாதீர்கள்.

விண்டோஸ் லோகோ வருது, அப்புறம் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'னு நீல ஸ்க்ரீன்.

பூட் ஃபைல் சரி, ஆனால் புது டிஸ்க்கிடம் பேசுவதற்கான டிரைவரை விண்டோஸ் ஆரம்பத்திலேயே ஏற்றவில்லை. சாட்டாவில் இருந்து என்விஎம்இக்கு மாறும்போதும், பயாஸில் டிஸ்க்கோடு பேசும் முறையை (ஏஹெச்சிஐ, ரெய்டு அமைப்பை) மாற்றியபோதும் இது வரும். அமைப்பை மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள். இல்லையென்றால் ஒரு தடவை சேஃப் மோடில் ஏற்றுங்கள், பெரும்பாலும் அதிலேயே டிரைவர் ஒட்டிக்கொள்ளும். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரெஷ்ஷா போடலாம்னு பென் டிரைவ் வச்சா, டிஸ்க்கே காட்ட மாட்டேங்குது. எஸ்எஸ்டி போலியோ?

போலி இல்லை. இன்டெல் பதினொன்றாம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆனாக இருக்கும், அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் பென் டிரைவுக்கு டிஸ்க் தெரியாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள். டிஸ்க் தெரியும்.

500 ஜிபி எஸ்எஸ்டி போட்டும் சி டிரைவ் பழைய அளவுலயே இருக்கு. எக்ஸ்டென்ட் பட்டன் மங்கலா இருக்கு.

மிச்ச இடம் 'அன்அலோகேட்டட்' என்று கடைசியில் கிடக்கும். சி டிரைவுக்கும் அதற்கும் நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் பட்டன் மங்கல். ஏதாவது ஒரு பார்ட்டிஷன் மேனேஜரில் ரெகவரியைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சி டிரைவை நீட்டுங்கள். கரண்ட் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேயும் உண்டு, ஆனால் பழைய டிஸ்க் தொடாமல் தனியாக இருப்பதால் பயமில்லை.

பழைய டிஸ்க்கையும் கூடவே மாட்டி, டேட்டாவுக்கு வச்சுக்கலாமா?

டெஸ்க்டாப்பில் தாராளமாக. சில லேப்டாப்களில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு கேடி (அந்த இடத்தில் டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் சட்டம்) வைத்து மாட்டலாம், கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும், அளந்து வாங்குங்கள். எஸ்எஸ்டியை டிஸ்க் இருந்த இடத்திலும் பழையதைக் கேடியிலும் போடுங்கள்.

ஆனால் அவசரப்படாதீர்கள். குளோன் ஆன இரண்டு டிஸ்க்கும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், அல்லது நீங்கள் கவனிக்காமல் பழையதில் இருந்தே பூட் ஆகிக்கொண்டிருப்பீர்கள். எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். மாதக் கடைசிக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிரின்டர் எல்லாம் ஒரு சுற்று வந்த பிறகு பழையதை மாட்டி, அதிலுள்ள விண்டோஸ் பகுதியை மட்டும் அழியுங்கள். அதுவரை அந்த டிஸ்க்தான் உங்கள் பேக்கப்.

ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப். அதுல பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ரெண்டும் இருக்கு. மாத்த முடியுமா?

முடியும். முழு டிஸ்க்கையும் ஒன்றாகக் குளோன் செய்தால் இரண்டும் வரும். ஆனால் பாஸ் லினக்ஸின் அந்தப் பழைய பதிப்பையும் விண்டோஸ் 7-ஐயும் காப்பாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. 2 ஜிபி ரேமை 4 ஆக்கி, சின்ன சாட்டா எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலகுவான ஒன்றைப் போட்டால் பாடம் படிக்க, டைப் செய்ய அந்த லேப்டாப் இன்னும் உழைக்கும்.

உபுண்டு, மின்ட் குளோன் செய்கிறவர்களுக்கு ஒன்று. அவை டிஸ்க்கை யூயூஐடி என்ற அடையாளத்தால் தேடுகின்றன. குளோன் அதையும் நகலெடுப்பதால் பொதுவாக அப்படியே பூட் ஆகும். ஃபைல்களை மட்டும் காப்பி செய்திருந்தால் எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்ற பட்டியல்) புது அடையாளத்தை எழுதி, லினக்ஸைத் தொடங்கி வைக்கும் கிரப்பைத் திரும்ப நிறுவ வேண்டும்.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் பண்ணலாமா? நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

வெளிச் சாஃப்ட்வேர் வைத்து டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளைச் சேர்த்து அடுக்குவது) செய்யாதீர்கள். விண்டோஸின் 'ஆப்டிமைஸ்' எஸ்எஸ்டி என்று தெரிந்துகொண்டு டிரிம் கட்டளையை (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) அனுப்பும், அது நல்லதுதான். எழுதி எழுதித் தேயும் என்ற பயமும் வீட்டு உபயோகத்துக்கு அனாவசியம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு வாரன்டி 5 வருஷம் அல்லது 300 டிபி (டெராபைட்) எழுதும் வரை. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 16 வருஷம் ஓடும் கணக்கு.

சாட்டாவுக்கு மே மாத வெயில் ஒன்றும் செய்யாது. என்விஎம்இ சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பைக் கட்டில் மெத்தையில் வைத்து ஓட்டாமல் இருந்தால் போதும். வெப்பம் கவலையாவது வேறு விதத்தில். பீரோவில் கரண்ட் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டி டேட்டாவைக் காலவரையின்றி வைத்திருக்காது. ஜெடெக் என்ற மெமரி தர அமைப்பின் விதிப்படி, முழுதாகத் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்கினால் போதும். நம் வீட்டு பீரோ அதைவிடச் சூடு. கல்யாண ஆல்பத்தைப் பூட்டி வைக்க ஹார்ட் டிஸ்க்தான் சரி.

ஆன்லைன்ல 2 டிபி எஸ்எஸ்டி பாதிக்கும் பாதி விலைக்கு வருதே, எடுக்கலாமா?

வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) போட்டு விற்கிறார்கள். காப்பி ஆவது போலத் தெரியும், உண்மை அளவைத் தாண்டியதும் எழுதியது எல்லாம் காற்றில் போகும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ வைத்து முழு அளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள்.

பழைய டிஸ்க்கைப் பழைய சாமான் கடைல போட்டுரலாமா?

ஒரு மாதம் கழித்து, அழித்த பிறகு. டெலிட் செய்வதும் குயிக் ஃபார்மட்டும் பட்டியலை மட்டும்தான் அழிக்கும், டேட்டா அப்படியே கிடக்கும். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டா முதல் விண்டோஸ் அப்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். டிஸ்க் ஓடவே இல்லை என்றால் கழற்றி, உள்ளே இருக்கும் தட்டைச் சுத்தியலால் நெளித்துவிட்டுக் கொடுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் தெறிக்கும், மேலே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அடியுங்கள்.